வட்டிக்காசுப் பெருமாளின் ஊரில் கல்விக்கடன்

படிக்கும்போது கட்ட வேண்டாம், வேலைக்குப் போன பிறகு கட்டினால் போதும் என்ற ஏற்பாடுதான் கல்விக்கடனை மற்றக் கடன்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. வாகனக் கடன் வாங்கிய மறுமாதமே தவணை கேட்கும். கல்விக்கடன் நான்கைந்து வருடம் வாய் திறக்காது. இந்த இடைவெளியை வங்கிகள் மொராட்டோரியம் என்கின்றன. தமிழில் 'தவணை' என்ற சொல்லே இரண்டு பக்கமும் பேசக்கூடியது. தவணை கட்டினான் என்றால் பணம் கொடுத்தான். தவணை கேட்டான் என்றால் கொடுக்க அவகாசம் கேட்டான். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் 'வாயிதா'வும் அப்படியே: கட்ட வேண்டிய பகுதிக்கும் அதுவே பெயர், தள்ளிப்போட்டதற்கும் அதுவே பெயர். இரண்டு மொழியும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில் கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் அந்தக் குழப்பத்தோடு நெடுங்காலம் வாழ்ந்துவிட்டார்கள். கடன் வரலாறு கணினியில் ஏறிய பிறகுதான் இரண்டு பொருளுக்கும் நடுவே கோடு விழுந்தது.

வட்டாரத்தின் பெரிய கடன் கதை திருமலையுடையது. நாராயணவனத்து ஆகாசராஜனின் மகள் பத்மாவதியை மணக்க ஸ்ரீநிவாசர் குபேரனிடம் கடன் வாங்கினார். பிரம்மாவும் சிவனும் சாட்சி. தொகை ஒரு கோடியே பதினான்கு லட்சம் ராமமுத்திரை என்பது மக்கள் வழக்கு. கலியுகம் முடியும்வரை வட்டி மட்டும், முதல் அதற்குப் பிறகு என்பது ஒப்பந்தம். தெலுங்கில் பெருமாளுக்கு 'வட்டிகாசுலவாடு' என்ற பெயர் நிலைத்தது இதனால்தான். உண்டியலில் விழும் காசு அந்த வட்டிக்குப் போகிறது என்பது நம்பிக்கை. வங்கி மொழியில் சொன்னால், முதலுக்கு ஒரு யுகம் மொராட்டோரியம், வட்டிக்கு ஒரு நாளும் கிடையாது. கடன்காரர் என்று சொல்வதால் அந்தத் தெய்வத்தின் மதிப்பு குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: தவணை இரு தரப்பும் ஒப்பியது, வட்டி நிற்கவில்லை.

கதையை விட்டுக் கல்லுக்கு வந்தாலும் இதே கணக்குதான் தென்படுகிறது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. பழைய தமிழ்க் கல்வெட்டு மரபில் வட்டிக்குப் 'பொலிசை' என்றும், முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு அறம் நடத்தும் ஏற்பாட்டுக்குப் 'பொலியூட்டு' என்றும் பெயர். விளக்குக்குக் கொடுத்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள்; ஆடு சாகும், மூப்படையும்; கணக்கில் உள்ள எண்ணிக்கை மட்டும் சாகாது. விஜயநகரக் காலத்தில் திருமலைக் கோயில் பக்தர்கள் கொடுத்த பணத்தைத் தன் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் செலவிட்டு, கூடுதலாக விளைந்ததிலிருந்து அவர்கள் பெயரில் அமுதுபடி நடத்தியது. பணம் போட்ட அன்றைக்கே பலன் இல்லை. ஏரி வெட்டி, நீர் நிறைந்து, பயிர் ஏறிய பிறகுதான் படைப்பு. கல்விக்கடனின் தர்க்கமும் இதுவே.

சாதாரணக் குடும்பத்தின் கடனோ புரோநோட்டில் ஓடியது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளுக்குச் சட்டப்படி ஆயுள் மூன்று வருடம். அதற்குள் சிறு தொகை கட்டி, நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து இன்னும் மூன்று வருடம். மழை பொய்த்த வருடத்தில் குடியானவர் போய் நின்று அடுத்த அறுவடைக்குத் தவணை சொல்வார். கொடுத்தவர் முணுமுணுத்துக்கொண்டே வரவு வைப்பார். அந்த நிறுத்தம் இரண்டு பேருக்கும் ஒரு தாளுக்கும் மட்டும் தெரிந்த செய்தி. பக்கத்து ஊர்க்காரர் வேறு கடன் கொடுக்கும்போது அது அவர் காதுக்கு எட்டலாம், எட்டாமலும் போகலாம். நாணயம் என்ற சொல் காசுக்கும் நேர்மைக்கும் பொதுவாக இருந்த காலத்தில், ஒருவரின் கடன் மதிப்பை ஊர்வாய்தான் சுமந்தது.

சித்தூர் அப்போது சென்னை மாகாணம். வட ஆர்க்காட்டின் தலைமையிடமாக இருந்த ஊர், 1911 ஏப்ரல் 1 அன்று தனி மாவட்டத்தின் தலைநகரானது. ராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இந்த மாவட்டத்துக்கும் பொருந்தியது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 வரை ஏறியிருந்த வட்டி நிலுவையை அது தள்ளுபடி செய்தது. முதல் மட்டும் நின்றது. திருமலைக் கதைக்கு இது நேர் எதிர். அங்கே முதல் நின்று வட்டி நடந்தது, இங்கே வட்டி அழிந்து முதல் மிஞ்சியது. அரசாங்கம் நடுவில் வந்து கடனை நிறுத்தலாம், அழிக்கலாம் என்ற எண்ணம் இந்த வட்டாரத்தில் வேர்விட்டதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். அதன் நிழல் 2014 வரை நீண்டது.

படிப்புக்காக வங்கியில் கடன் வாங்குவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. நிலத்தை அடகு வைத்தோ, நகையை விற்றோ, உதவித்தொகை பெற்றோ படித்தார்கள். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். வேலூரிலும் சென்னையிலும் தொடர்ந்த படிப்பு பெரும்பாலும் உதவித்தொகையில் நடந்தது. மதனப்பள்ளியில் 1915இல் கல்லூரி வந்தது. திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் 1945இல் திருப்பதியில் கலைக்கல்லூரி தொடங்கியது. ஆந்திர மாநிலம் பிரிந்த மறு வருடம், 1954இல், ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் உருவானது. குபேரனுக்கு வட்டி என்று உண்டியலில் விழுந்த காசில் ஒரு பங்கு பிள்ளைகளின் வகுப்பறையாக மாறிற்று என்று சொன்னால் மிகையில்லை. கட்டணம் குறைவாக இருந்ததால் அங்கே படித்த தலைமுறைக்குக் கடன் தேவைப்படவில்லை.

படிப்புக்குக் கடன் என்ற எண்ணத்தை நாடு முழுவதும் முதலில் நடைமுறைப்படுத்தியது 1963–64இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம். பெயரிலேயே கடனும் உதவித்தொகையும் சேர்ந்திருந்தன, வட்டி இல்லை, வேலை கிடைத்த பிறகு சிறு சிறு தவணையாகத் திருப்ப வேண்டும். வசூல் மோசமாக இருந்தது. திருப்பிக் கட்டாதவரின் பெயர் ஏதோ ஓர் அரசு அலுவலகக் கோப்பில் கிடந்தது. அந்தக் கோப்பு எந்த வங்கியின் மேசைக்கும் போகவில்லை.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி என்ற ஏற்பாடு வந்தபோது சித்தூருக்கு இந்தியன் வங்கி பொறுப்பேற்றது. கிராமக் கிளைகள் பெருகின. ஆனால் கல்விக்கடனைத் தேவையாக்கியது தனியார் கல்லூரிதான். ஆந்திர மாநிலத்தின் மீது தொடுக்கப்பட்ட உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் தனியார் தொழிற்கல்லூரிகளில் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து திருப்பதியையும் சித்தூரையும் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. பம்பு செட்டும் இரண்டு பசுவும் உள்ள குடும்பத்துக்குக் கட்டண இடத்தின் செலவு ஒரு பெரிய மலை.

கனரா வங்கித் தலைவராக இருந்த ஆர். ஜே. காமத் தலைமையிலான குழுவின் பரிந்துரையை வைத்து இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் ஒன்றை வகுத்தது. ரிசர்வ் வங்கி 2001 ஏப்ரலில் அதை வங்கிகளுக்கு அனுப்பியது. உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம், வெளிநாட்டுக்கு 15 லட்சம் ரூபாய் வரை கடன். பிற்காலத்தில் இவை 10 லட்சமாகவும் 20 லட்சமாகவும் உயர்ந்தன. 4 லட்சம் வரை அடமானம் கிடையாது. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதமும், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை தவணை கட்ட வேண்டாம். இந்தச் சலுகையை யாரும் கெஞ்சிப் பெற வேண்டியதில்லை. கடன் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

எழுதப்படாமல் புரிந்துகொள்ளப்பட்டது வேறு: கட்ட வேண்டாம் என்றால் வட்டியும் கிடையாது என்று பல வீடுகளில் நினைத்தார்கள். கணக்கு அப்படி இல்லை. நான்கு வருடப் படிப்புக்கு வருடத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் 10 சதவீத வட்டியில் வாங்கினால், படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகும்போது முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தனிவட்டியாகவே 1.4 லட்சம் சேர்கிறது. தவணை தொடங்கும் நாளில் அது முதலோடு ஒட்டிக்கொள்ள, கடன் 5.4 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 7,136 ரூபாய் வேண்டும். வட்டியை அவ்வப்போது கட்டியிருந்தால் 5,286 போதும். படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்கு ஒரு சதவீத வட்டிக் குறைப்புக்கும் திட்டத்தில் இடம் இருந்தது. அதைப் பயன்படுத்த மாதாமாதம் கையில் காசு வேண்டும், காசு இருந்தால் கடன் எதற்கு என்ற கேள்வியும் நியாயம்தான். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அந்தச் சலுகைக் கால வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009–10இல் வந்தது.

கல்விக்கடன் பிறந்த அதே காலத்தில் அதைக் கண்காணிக்கும் பதிவேடும் பிறந்தது. சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் 2000இல் தொடங்கப்பட்டு, 2004இல் தனிநபர் கடன் பதிவுகளைத் தரத் தொடங்கியது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. 300 முதல் 900 வரையிலான கடன் மதிப்பெண்ணை வங்கிகள் 2007இலும் பொதுமக்கள் 2011இலும் பார்க்க முடிந்தது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், ஹைமார்க் ஆகியவை 2010இல் உரிமம் பெற்றன. புரோநோட்டின் முதுகில் இருந்த வரவு இப்போது மும்பையில் உட்கார்ந்தது. அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் 36 மாதக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். சுழியம் இருந்தால் நல்லது. மொராட்டோரியத்தில் உள்ள கல்விக்கடனுக்குக் கட்ட வேண்டிய தவணையே இல்லாததால், கட்டாவிட்டாலும் தாமதம் சுழியம்தான்.

பணம் கட்டுவதை ஊரே சேர்ந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஆந்திரம் 2010இல் பார்த்தது. நுண்கடன் நிறுவனங்களின் வசூல் கொடுமையைக் கட்டுப்படுத்த மாநில அரசு அந்த அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டது. வாராந்திர வசூல் சில வாரங்களில் படுத்துவிட்டது. அரசியல்வாதிகள் கட்ட வேண்டாம் என்றார்கள், கடன் வாங்கிய பெண்களும் நிறுத்தினார்கள். நிறுத்தியதற்கு நியாயம் உண்டு; ஆனால் அது கொடுத்தவர் ஒப்பிய தவணை இல்லை. அதன்பின் நுண்கடன் நிறுவனங்களும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் பதிவு அனுப்பும் பழக்கம் வலுத்தது. வங்கி வாசலையே மிதிக்காத பெண்ணுக்கும் கடன் வரலாறு உண்டான காலம் அது. மகனின் கல்விக்கடனில் தாய் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடும்போது அந்த வரலாறும் கூடவே வந்து மேசையில் உட்காரும்.

2014 தேர்தலில் பயிர்க்கடனும் டுவாக்ரா மகளிர் குழுக் கடனும் தள்ளுபடி என்ற வாக்குறுதியைத் தெலுங்கு தேசம் கட்சித் தலைவர் சந்திரபாபு நாயுடு அளித்தார். அவருடைய குப்பம் தொகுதி சித்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வாக்குறுதியை நம்பிப் பலர் கட்டுவதை நிறுத்தினார்கள். ஆட்சிக்கு வந்தபின் விவசாயக் குடும்பத்துக்கு 1.5 லட்சம் வரை, அதுவும் பல தவணைகளாக என்று வரையறுக்கப்பட்டது. அரசின் தவணை வரும்வரை விவசாயியின் தவணை நிலுவையில் நின்றது. கெடு தாண்டிய கணக்கை வாராக்கடன் என்று எழுதும் விதி மேடைப் பேச்சைக் கேட்பதில்லை. கல்வியிலும் இதன் சாயல் உண்டு. முதல்வர் ராஜசேகர ரெட்டி ஆட்சியில் 2008–09 முதல் விரிந்த, கல்விக் கட்டணத்தை அரசு திருப்பித் தரும் திட்டம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கடன் வாங்காமலேயே பொறியாளர்களாக்கியது. அரசுப் பணம் தாமதமான வருடங்களில் கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டன. சான்றிதழ் இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டாலும், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் என்று தனியாக வாங்கிய கல்விக்கடனின் மொராட்டோரியம் தன் நாளில் முடிந்துவிடும்.

அந்த முடிவு நாள்தான் பெரும்பாலான மதிப்பெண்கள் உடையும் இடம். படிக்கும்போது கொடுத்த கைபேசி எண் மாறியிருக்கும். பிள்ளை பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பான். கடிதம் பழைய வீட்டு விலாசத்துக்குப் போகும். முதல் தவணை தவறிய 30 நாளில் கணக்கு ஒரு எச்சரிக்கைப் பிரிவுக்கும், 60 நாளில் அடுத்ததற்கும், அதன்பின் மூன்றாவதற்கும் நகர்ந்து, 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிறது. ஒவ்வொரு நகர்வும் மாணவரின் அறிக்கையில் மட்டுமல்ல, இணைக் கடனாளியான தந்தையின் அறிக்கையிலும் பதிவாகிறது. பிறகு பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு முடித்தால் 'செட்டில்டு' என்றும், வங்கி கைவிட்டால் 'ரிட்டன் ஆஃப்' என்றும் முத்திரை விழும். கடன் தீர்ந்த பின்னும் அந்தச் சொல் தங்கும்.

முன்கூட்டிச் சொல்லி நிறுத்துவதற்கு வழி இருந்தது. 2015இல் திருத்திய மாதிரித் திட்டத்தில் சலுகைக் காலம் படிப்புக்குப் பின் ஒரு வருடம் என்று நேராக்கப்பட்டு, திருப்பும் காலம் 15 வருடம் வரை நீண்டது. வேலை இல்லாத, அல்லது சம்பளம் போதாத காலத்தில் கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை இடைநிறுத்தம் தரவும் வங்கிகளுக்கு இடம் கொடுக்கப்பட்டது. கேட்டுப் பெற்ற இடைநிறுத்தத்தில் தாமத நாள் ஏறாது. வட்டி மட்டும் ஏறும். இப்படி ஒரு வசதி இருப்பது கிளை வாசலில் எழுதி ஒட்டப்படுவதில்லை.

கொரோனா வந்தபோது நாடு முழுவதும் ஒரே நாளில் தவணை கிடைத்தது. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாத ஒத்திவைப்பை அனுமதித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. இந்தக் காலத்தில் கட்டாததைத் தாமதமாகக் கணக்கிடக் கூடாது, கடன் வரலாற்றைக் கெடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. வட்டி ஓடியது: 5.4 லட்சம் நிலுவைக்கு மூன்று மாதத்தில் 13,500 ரூபாய். இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு, கல்விக்கடன் உட்பட, ஆறு மாதக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசு அந்த இலையுதிர் காலத்தில் ஏற்றது. எல்லாக் கடனுக்கும் வட்டிமேல் வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பளித்தது. ஆகஸ்டுக்குப் பிறகும் கட்ட முடியாதவர்களுக்கு இரண்டு வருடம் வரை தள்ளிவைக்கும் மறுசீரமைப்பு தனியாக வந்தது. அது அறிக்கையில் மறுசீரமைக்கப்பட்ட கடன் என்றே எழுதப்பட்டது. ஒரே பெருந்தொற்று, இரண்டு வகை நிறுத்தம். ஒன்று தடம் விடாதது, மற்றது விட்டது. கடன் வாங்கியவர்கள் பலருக்கு இரண்டும் 'மொராட்டோரியம்'தான்.

அமெரிக்காவில் 2020 மார்ச்சில் தொடங்கிய நிறுத்தம் வேறு மாதிரி. மத்திய அரசின் மாணவர் கடன்களுக்கு வட்டியே சுழியமாக்கப்பட்டு, கட்டாத மாதங்களும் ஒழுங்காகக் கட்டியவையாகப் பதிவாயின. 2023 அக்டோபரில் தவணை திரும்பியது. மேலும் ஒரு வருடம் தாமதம் பதிவுக்கு அனுப்பப்படவில்லை. அந்தப் பாதுகாப்பு முடிந்து 2025 தொடக்கத்தில் நிலுவைகள் அறிக்கையில் ஏறியபோது இலட்சக்கணக்கானோரின் மதிப்பெண் சரிந்தது. திருப்பதியிலிருந்து அங்கே எம்.எஸ். படிக்கப் போனவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தவில்லை. அவர்கள் கடன் ஊரில் வாங்கியது, தனியார் கடன் நிறுவனமாக இருந்தால் படிக்கும்போதே வட்டியில் ஒரு பகுதி கேட்பது.

மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. பெற்றோரின் மதிப்பெண் சரியில்லை என்று மாணவரின் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020இல் சொன்னது. 2023 மே மாதம் அதே நீதிமன்றம், மாணவரின் சொந்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதை மட்டும் காரணம் காட்டக் கூடாது என்றது; அந்த மாணவருக்கு ஒரு பழைய கடனில் 16,667 ரூபாய் நிலுவை இருந்தது. தீர்ப்பு கேரளத்துடையது, ஆந்திரக் கிளைகளைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம்.

பதிவேட்டின் வேகமும் கூடியிருக்கிறது. 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை குறித்த புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. மாதத்துக்கு ஒருமுறை பதிவை அனுப்பிய வங்கிகள் 2025 ஜனவரியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்பத் தொடங்கின. வட்டாரத்தின் வங்கிகளும் பெயர் மாறிவிட்டன: ஆந்திரா வங்கி 2020 ஏப்ரலில் யூனியன் வங்கியில் கரைந்தது, சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கி 2025 மே மாதம் மாநிலத்தின் ஒரே கிராம வங்கியோடு சேர்ந்தது. பழைய வங்கியின் பெயரில் கல்விக்கடன் வாங்கியவர் இன்று அறிக்கையைத் திறந்தால், புதிய பெயரும் புதிய எண்ணும் தன்னுடையவைதானா, பழைய கணக்கு முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.